பக்கத்துப் பெடல்

கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். பெடல் கூடவே மேலே வரவில்லை.

தூறல் விட்டும் விடாமலும் இருந்த மாலைப்பொழுது. மேம்பாலத்துக்கு ஏறுகிற சரிவில் சிக்னல் பச்சைக்கு மாறி, முன்னால் நின்ற வேன் புகையைத் துப்பிவிட்டு நகர்ந்து, பின்னால் நின்றவர்களெல்லாம் ஏதோ தலை போகிற காரியம் போல ஹாரனில் கை வைத்த அந்த நேரத்தில், அவளுடைய வெறும் பாதத்தை ஒட்டி ஏறி வந்திருக்க வேண்டிய ரப்பர், இரண்டு விரற்கடை கீழேயே, யாரோ பிடித்து அமுக்கி வைத்திருப்பதைப் போலக் கிடந்தது. எஞ்சின் கத்தியது. வண்டி முன்னால் போகாமல் பின்னால் சரிந்தது. கைப்பிரேக்கைச் சுண்டி இழுத்தாள். துணி கருகுகிற வாசனை மெல்லக் கிளம்பி, மூடிய கண்ணாடிகளுக்குள் சுற்றிச் சுற்றி வந்து, தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

கால் கட்டைவிரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். ‘டொக்’கென்று மேலே வந்தது.

அதற்குப் பிறகுதான், ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, பக்கத்து இருக்கையின் கீழே இன்னொரு ‘டொக்’ கேட்டது.

அது டிரைவிங் ஸ்கூல் வண்டி. சொல்லிக் கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. இரண்டு பக்கத்துப் பெடல்களையும் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரே கம்பி இணைக்கிறது. இங்கே மிதித்தால் அங்கேயும் அமுங்கும். அங்கே மிதித்தால் இங்கேயும் அமுங்கும். ஒன்று முந்தி, ஒன்று பிந்தி வர வழியே இல்லை.

“ஸ்பிரிங் போச்சா உனக்கு? சனியனே, வீடு வரைக்குமாவது வா” என்று வண்டியைத் திட்டிக்கொண்டே பாலத்தைத் தாண்டினாள். பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய்தான்.

அவளை எல்லோரும் ஸ்டியரிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லைசென்ஸ் வாங்கிப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, வாசலில் நிற்கிற சொந்தக் காரைப் பார்த்து நடுங்குகிற பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் வீடு தேடிப் போய், அவர்கள் காரிலேயே பழக்கி விடுவதுதான் அவள் பிழைப்பு. “பயத்த டிக்கியில போட்டுப் பூட்டிட்டு வாம்மா, அதுக்கு முன்சீட்டுல இடமில்ல” என்பாள். அந்தக் கார்களில் பக்கத்துப் பெடல் கிடையாது. அவளுக்கு அது தேவையும் இல்லை, வாய் இருந்தது. ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்கு, ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணிடம் ஓடுவதற்கு இந்தப் பழைய கார். இது நின்றால் பிழைப்பு நின்றது. அப்புறம் அண்ணன் வீடுதான்.

கார் மாஸ்டருடையது. மாஸ்டர் என்றால் அவள் புருஷன். ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். வெளியிலும் மாஸ்டர், வீட்டிலும் மாஸ்டர். செருப்பில்லாமல்தான் பெடல் மிதிக்க வேண்டும், கால் கேட்டால்தான் வண்டி பேசும் என்பது அவர் சட்டம். அவருடைய பாதங்களில் சுண்டுவிரல்கள் மட்டும் தரையில் படாமல் நிமிர்ந்து நிற்கும். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கெஞ்சி இவளும் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டு என்ன பயன்? அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பெடல்மேல் வைத்த காலை எடுத்ததே இல்லை. இவள் கிளம்பப் பார்ப்பாள். அவர் கிளட்சை அமுக்குவார். வண்டி நின்ற இடத்தில் நின்று கத்தும். “பாத்தியா? நீ ஓட்டல. நாந்தான் ஓட்டறேன்” என்று சிரிப்பார்.

செத்தபோதும் அப்படித்தான். யாரோ ஒரு பெண்ணுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. பக்கத்துப் பிரேக்கை மிதித்தபடியே போய்ச் சேர்ந்தார். உயிர் போகிற நேரத்திலும் வண்டியை நிறுத்திப் பிள்ளையைக் காப்பாற்றினாரே என்று ஊரே மெச்சியது. இவளுக்குத்தான் உள்ளது தெரியும். காப்பாற்றியதாவது, கத்தரிக்காயாவது! அந்தக் கால் என்றைக்கு மேலே இருந்தது, அன்றைக்குப் புதிதாக மிதிப்பதற்கு? அதைப் பெடலிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை மேலே ஏற்றி, இறக்கி, தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான் மெக்கானிக். கிரீஸ் என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் ஊரில் அவனைத் தெரியும். அவன் உதட்டைப் பிதுக்கியதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“அக்கா, சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. கிளட்ச் மறுபடியும் காலி. இந்தத் தடவ ஃப்ளைவீலையும் தின்னுருச்சு. கியர்பாக்ஸ்ல வேற சத்தம். அத்தனையும் செஞ்சா வண்டி வெலையத் தாண்டிரும். சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்கால் பணம்.”

“எஞ்சின்?”

“எஞ்சின் கல்லு. பாடியிலயும் துரு இல்ல. அதான் எனக்கே வயித்தெரிச்சலா இருக்கு.”

“கிளட்ச் போன வருஷம்தானே தம்பி மாத்தினோம்?”

“அததான் நானும் கேக்கறேன். யாரு கிளட்ச் மேல கால் வெச்சிட்டே ஓட்டறது? நீங்க வெக்க மாட்டீங்க, நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கறவங்க. எறும்பு ஊரக் கல்லும் தேயும், சரி. எறும்பு எதுன்னு தெரிய வேண்டாமா?” பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, விரலால் காட்டினான். “இத வேற பாருங்க.”

பக்கத்துக் கிளட்சின் ரப்பர். போன வருஷம் அவன்தான் புதிதாக மாட்டியிருந்தான். அந்த இருக்கையில் அதற்குப் பிறகு காய்கறிப் பையைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. ரப்பரின் வெளி ஓரத்தில் வரிகள் எல்லாம் தேய்ந்து, வருஷக்கணக்காக ஒரே இடத்தில் தோல் உரசிய வழவழப்போடு மின்னியது.

“பழசத் தூக்கி மாட்டியிருப்ப” என்றாள்.

“அந்தப் பொழப்பு நமக்கு வேண்டாம்க்கா” என்றவனின் முகம் சுருங்கிப் போனது. உடனே மனசு கேட்காமல், “வித்துருங்கக்கா. இந்தச் செலவுல கொஞ்சம் போட்டா வேற வண்டியே வந்துரும். காலச் சுத்துன பாம்ப எதுக்குக் கூடவே வெச்சிருக்கணும்?” என்றான்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அன்று விளக்கு வைத்த நேரம். சமையலறை ஜன்னலுக்கு நேர் வெளியே தகரக் கூரைக்குக் கீழே கார் நின்றது. மழைத்தண்ணீர் கூரை விளிம்பிலிருந்து சொட்டுவது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, அடுப்பில் கொதிக்கிற தண்ணீர் என்று எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து ஒரு சத்தமும் இல்லாதது போல இருந்தபோது, அதற்கு நடுவே, பொறுமையாக, அவசரமே இல்லாமல் ஒன்று கேட்டது. க்ரீச். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டொக்.

அடுப்பை அணைத்தாள். க்ரீச். டொக்.

கார் பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. டார்ச்சைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். இருக்கைகள் காலி. ஆனால் பக்கத்துக் கதவின் கண்ணாடியில் மட்டும், உட்கார்ந்திருக்கிற ஆளின் வாய்க்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. மறுபடி விரிந்தது.

  ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததும், பயத்தோடு பயமாக ஒரு எரிச்சலும் வந்தது. நம் வீடு, நம் வண்டி, நாம் ஏன் ஒளிய வேண்டும்? முகப் பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். பக்கத்துக் கதவைத் திறந்து, மூச்சை அடக்கி, கீழே விரித்திருந்த மிதியடி மேலும் பெடல்கள் மேலும் டப்பா காலியாகும்வரை தூவினாள். உள்ளே காற்று வெதுவெதுப்பாக இருந்தது. கதவை அறைந்து பூட்டினாள்.

விடிந்ததும் போய்ப் பார்த்தாள். மிதியடியில் இரண்டு குதிகால் பள்ளங்கள், நெடுநேரம் அழுந்தியவை. கிளட்ச் ரப்பரின் மேல் விரல் தடங்கள். நான்கு. ஐந்தாவது பட்டிருக்க வேண்டிய இடத்தில் பவுடர் கலையாமல் இருந்தது.

வாசற்படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, போன் அடித்தது. வண்டியை விற்கலாமா என்று முந்தின நாள் அவள் யோசனை கேட்டிருந்த அண்ணன்.

“வண்டிக்கு ஆள் பாத்துட்டேன்மா. இன்னிக்கே வந்து எடுத்துட்டுப் போயிருவான். கெடச்சத வாங்கிட்டு, வீட்டயும் காலி பண்ணிட்டு இங்க வந்துரு. ஆழம் தெரியாம இனிமே எதுலயும் கால விடாத.”

அண்ணன் நல்லவர்தான். அவர் வீட்டில் ஓர் அறையும் இருந்தது. அண்ணியின் தையல் மிஷின், பழைய மெத்தைகள், இனிமேல் மூன்றாவதாக இவள். ஆனாலும் அந்த மிதியடியைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு ‘சரிண்ணா’ என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அண்ணன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“மாஸ்டரே சொல்வாரே, உனக்கு வண்டியெல்லாம் தோதுப்படாதுன்னு. மனுஷன் தெரியாமயா சொன்னாரு?”

நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினாள்.

“அந்த ஆள வர வேண்டாம்னு சொல்லிருங்கண்ணா.”

“ஏன்மா? பழச எதுக்குக் கட்டிட்டு அழற?”

“அழலண்ணா. ஓட்டப் போறேன்.”

போனை வைத்தாள். அந்தச் செலவுக்கு வண்டி தகுமா, இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்றெல்லாம் நேற்றிலிருந்தே கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தாள். இப்போது கணக்கு வேறாகிவிட்டது. இதை விற்றால் அவர் சொன்னது பலித்தது என்று ஆகும். வாங்குகிறவனுக்கு உள்ளே இருக்கிறவரையும் சேர்த்தா கொடுத்தனுப்புவது? காரின் முன்னால் போய் நின்று, கண்ணாடியைப் பார்த்து, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகவே சொன்னாள்: “இறங்கறதா இருந்தா நீங்க இறங்குங்க. நான் இறங்க மாட்டேன்.”

கிரீஸிடம் இரண்டே பேச்சு. “எல்லாத்தையும் செஞ்சிரு தம்பி. அப்படியே பக்கத்துப் பெடல் ரெண்டையும் கம்பியோட கழட்டிரு.”

“மாஸ்டர் ஞாபகார்த்தமா இருக்கட்டும்னு போன தடவ சொன்னீங்களேக்கா?”

“ஞாபகம் இருக்கறதாலதான் கழட்டச் சொல்றேன்.”

கையிலிருந்த நகை போனது. போகட்டும். வண்டி தயார் என்று அவன் கூப்பிட்ட மாலையில் தூறல் நின்று, ரோடெல்லாம் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. கழற்றிய பெடல்களைச் சாக்கில் சுற்றி நீட்டினான். “பழைய இரும்புக்குப் போட்ரு” என்று அதைத் தொடாமலே சொன்னாள். செருப்பைக் கழற்றிப் பின்னால் வைத்தாள். அந்தப் பழக்கம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

என்ன சுகம்! கிளட்ச் வெண்ணெயாக இறங்கியது, வெண்ணெயாக ஏறியது. கியர் முனகாமல் விழுந்தது. பக்கத்து இருக்கையின் கீழே வெறும் தரை; கம்பி நுழைந்த இரண்டு ஓட்டைகளைக் கிரீஸ் ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தான். கடைத்தெருவைத் தாண்டினாள். பேக்கரி வாசலில் அவளிடம் பழகிய பெண் ஒருத்தி கையசைக்க, இவள் ஹாரனால் பதில் சொன்னாள். சிரிப்பு வந்தது. செலவு என்ன செலவு, ஒவ்வொரு காசுக்கும் தகும் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

மேம்பாலத்துச் சரிவு வந்தது. சிவப்பு. நின்றாள். பின்னால் ஒரு லாரி, அவள் கண்ணாடி நிறையத் தன் முகத்தை வைத்துக்கொண்டு உறுமியது.

பச்சை.

கிளட்சிலிருந்து காலை எடுக்கப் போனாள். கால் வரவில்லை.

முதலில் குளிர். பாதத்தின் மேல்பக்கம், விரல்களிலிருந்து கணுக்கால் வரை, ஈரத்துணியைப் போட்டது போல ஒரு குளிர். அப்புறம் கனம். அவள் பாதத்தின் மேல் இன்னொரு பாதம் உட்கார்ந்து, பழகிய இடத்தில் பழகிய விதமாக, நிதானமாக அமுக்கியது. எஞ்சின் கத்தியது. கார் பின்னால் சரிந்தது. லாரி ஹாரன். இன்னும் சரிந்தது.

குனிந்து பார்த்தாள்.

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கால். காக்கி பேண்ட். கியருக்கு அடியில், கால் நுழைய இடமே இல்லாத இடத்தில் நுழைந்து, ஒரு காலுக்கு இருக்க வேண்டிய நீளத்தைவிட அதிகமாக நீண்டு வந்திருந்தது. அவள் பாதத்தின் மேல் அந்தப் பாதம். சுண்டுவிரல் நிமிர்ந்து நின்றது.

கத்தினாள். ஆனால் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் கத்தினாள்.

“எடுங்க கால.”

அவர் உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு நாளும் சொல்லாத சொல். சொன்னதும் பயம் போய்விடவில்லை. பல் கிட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. தினமும் யாராவது ஒரு பெண்ணுக்கு அவள் சொல்கிற பாடம். “மெதுவா விடு. அவசரமில்ல. வண்டி ஒதறுதா? கால அங்கயே நிறுத்து.” தொடை நரம்பு தெறிக்க, மேலே இருந்த கனத்தையும் சேர்த்துத் தூக்கினாள். ஒரு விரற்கடை. இன்னும் ஒன்று. அந்தப் பாதம் அழுத்தியது. இவள் தூக்கினாள். கார் உதறியது. “இப்ப பெட்ரோல் குடு. கைப்பிரேக்க விடு.”

வண்டி ஏறியது.

ஏறியது! இரண்டு கால்களையும் சுமந்துகொண்டு, சரிவு முழுக்க, பாலத்தின் உச்சி வரை. உச்சியில் அந்தக் கனம் சட்டென்று விலகியது. குனிந்து பார்த்தாள். எதுவுமில்லை. கண்ணீரும் மூக்குமாகச் சிரித்தாள்.

“பாத்தீங்களா? நீங்க ஓட்டல. நாந்தான் ஓட்டறேன்.”

இறக்கம். ஈர ரோடு. கீழே சிக்னல் சிவப்பு. வரிசையாக வண்டிகள். வலது காலைப் பிரேக்கில் வைத்தாள்.

ரப்பர் இல்லை.

அவள் பாதத்துக்கும் பெடலுக்கும் நடுவில் வேறொன்று இருந்தது. குளிர்ந்து, விறைத்து, நரம்போடும் எலும்போடும். ஒரு புறங்கால். மேலே இருந்தது இப்போது கீழே வந்திருந்தது.

காலை எடுத்தால் பிரேக் இல்லை. முன்னால் ஒரு ஸ்கூட்டர். பின்சீட்டில் ஒரு குழந்தை.

மிதித்தாள்.

கீழே ஏதோ நெரிந்தது. இன்னும் மிதித்தாள். பெடல் இறங்கியது. கார் நின்றது. ஸ்கூட்டருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்.

“வலிக்குதா?” என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. “வலிக்கட்டும். நிறுத்தினது நான்.”

பக்கத்து இருக்கையிலிருந்து, காதுக்கு மிக அருகில், யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவள் பக்கத்துக் கதவின் கண்ணாடியில், அவள் வாய்க்கு நேராக, ஆவி படிந்தது. அவள் மூச்சை அடக்கித்தான் வைத்திருந்தாள்.

பச்சை விழுந்தது. ஓட்டினாள். வேறு என்ன செய்வாள்? நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடவா இவ்வளவு செலவு செய்தது? பிரேக்குக்குப் போகிற ஒவ்வொரு முறையும் அது அங்கே காத்திருந்தது. ஒவ்வொரு முறையும் மிதித்தாள். கடைசித் திருப்பத்தில், பாதத்தின் கீழே விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்து, மேல்நோக்கி மடிந்து, அவள் உள்ளங்காலின் ஓரத்தைப் பற்றிக்கொண்டன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

வீட்டு வாசல். தகரக் கூரை. எஞ்சினை அணைத்தாள். தெருவில் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

“வாங்க” என்றாள், குனியாமல். “எங்க வேணா வாங்க. வண்டி என்னுது.”

பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். அந்த நான்கு விரல்களும் கூடவே மேலே வந்தன.

கதவைத் திறந்து, அந்தக் காலையே முதலில் வெளியே வைத்து, உடம்பின் முழுக் கனத்தையும் போட்டு ஊன்றினாள். தரை அவள் பாதத்துக்கு இன்னும் ஒரு விரற்கடை கீழே இருந்தது.